சிறு கிண்ணப் பூஞ்சைகளை உயிரோடு பார்த்தல்

ஐரோப்பாவின் காடுகளிலும் சாலையோரங்களிலும் ஆஷ் என்ற மரம் பரவலாக நிற்கிறது. கிரிக்கெட் ஸ்டம்புகள் காலங்காலமாக அதன் கட்டையிலிருந்துதான் கடையப்படுகின்றன. 1990களின் தொடக்கத்தில் போலந்தில் இந்த மரங்கள் கிளை நுனியிலிருந்து காயத் தொடங்கின. நோய் ஆண்டுதோறும் மேற்கே நகர்ந்து, 2012இல் பிரிட்டனிலும் உறுதிப்படுத்தப்பட்டது. 2006இல் போலந்து ஆய்வாளர் கோவால்ஸ்கி, நோயுற்ற கிளைகளிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்து, கலாரா ஃபிராக்ஸினியா என்று பெயரிட்டார். அது பாலிலா நிலை. அதன் பாலினப் பருவம் எது என்று தேடியபோது, முந்தைய ஆண்டு உதிர்ந்த ஆஷ் இலைகளின் காம்புகளில் முளைக்கும் சில மில்லிமீட்டர் அகலமுள்ள வெள்ளைக் கிண்ணங்கள் கிடைத்தன. 2009இல் அவை ஹைமினோஸ்கைஃபஸ் ஆல்பிடஸ் என்று அடையாளம் சொல்லப்பட்டன.

அங்கேதான் சிக்கல் எழுந்தது. ஆல்பிடஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே பெயர் பெற்ற பழைய ஐரோப்பிய இனம். உதிர்ந்த காம்புகளை மக்கச் செய்வதைத் தவிர வேறெதுவும் அது செய்ததாகத் தெரியவில்லை. அத்தனை காலம் சாதுவாக இருந்த பூஞ்சை திடீரென மரத்தைக் கொல்வது எப்படி? 2011இல் டிஎன்ஏ ஒப்பீடு விடை சொன்னது: கிண்ணங்கள் ஒரே மாதிரி இருந்தாலும் இனங்கள் இரண்டு. கொல்வது வேறொன்று. ஜப்பானில் மஞ்சூரிய ஆஷ் இலைக்காம்புகளில், வேறு பெயரில் முன்பே பதிவாகியிருந்த பூஞ்சையும் இந்தக் கொல்லியும் ஒன்றே என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. கிழக்காசியாவிலிருந்து வந்து சேர்ந்த அந்த விருந்தாளிக்கு இன்றைய பெயர் ஹைமினோஸ்கைஃபஸ் ஃபிராக்ஸினியஸ்.

வெறும் கண்ணுக்கு வேறுபாடு இல்லை. வித்துகளின் அளவும் வடிவமும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியானால் நுண்ணோக்கிக்கு இங்கே வேலை இல்லையா? இருக்கிறது. வித்துப்பையின் அடியைப் பார்க்க வேண்டும். 2014இல் ஜெர்மானிய ஆய்வாளர்களான பாரலும் பெம்மனும் வெளியிட்ட ஒப்பாய்வு இதைத் தெளிவாக வரைந்து காட்டியது. ஃபிராக்ஸினியஸின் வித்துப்பைகள் ஒரு சிறு கொக்கியிலிருந்து எழுகின்றன. ஆல்பிடஸில் கொக்கி இல்லை. பை நேரான குறுக்குச் சுவரின் மேல் நிற்கிறது. சில மைக்ரான் அகலமுள்ள ஒரு வளைவு, ஒரு கண்டத்தின் காடுகளைக் கொல்லும் பூஞ்சையைத் தீங்கற்றதிலிருந்து பிரித்துக் காட்டியது. சிறு கிண்ணப் பூஞ்சைகளை இனம் காணும் கலையின் முழுக் கேள்வியும் இந்த நிகழ்வுக்குள் அடங்கியிருக்கிறது: எதைப் பார்ப்பது, எந்த நிலையில் பார்ப்பது, பார்த்ததை எவ்வளவு நம்புவது.

கிண்ணப் பூஞ்சையின் உடலமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிண்ணத்தின் உட்புறத்தில் ஹைமீனியம் என்ற வளமான படலம் இருக்கிறது. அதில் நெருக்கமாக நிற்பவை இரண்டு: ஆஸ்கஸ் எனப்படும் வித்துப்பைகள், அவற்றுக்கிடையே பாராஃபைசிஸ் எனப்படும் மலட்டு இழைகள். ஒவ்வொரு பையிலும் பெரும்பாலும் எட்டு வித்துகள். படலத்துக்குக் கீழே உள்தசை, அதற்கும் வெளியே கிண்ணத்தின் தோல், சிலவற்றில் தோலின் மேல் மயிர்கள். இவ்வளவுதான் உறுப்புகள். ஆனால் ஆயிரக்கணக்கான இனங்கள் இந்தச் சில உறுப்புகளின் நுட்பமான மாறுபாடுகளால்தான் பிரிகின்றன. கண்ணுக்குத் தெரியும் நிறமும் வடிவமும் பேரினம் வரைகூடப் பல வேளைகளில் கொண்டுசெல்வதில்லை. மட்கும் மரத்தில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் தட்டு ஒன்றைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

பழைய வகைப்பாடு அப்படித்தான் நடந்தது. பூஞ்சை ஆய்வாளர்களான பெர்சூனும் ஃபிரீஸும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவம், நிறம், மயிர், காம்பு ஆகியவற்றை வைத்தே பிரித்தார்கள். கிண்ணமாக இருந்த பெரும்பாலானவை பெசைசா என்ற ஒரே பெயருக்குள் போய் விழுந்தன. இதை உடைத்தவர்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்லர், மருந்துக் கடைக்காரர்கள். பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுக நகரில் மருந்தாளுநர்களாக இருந்த குருவான் சகோதரர்கள், 1857இல் சாணத்தில் வளரும் அஸ்கோபோலஸ் பூஞ்சையின் வித்துப்பை நுனியில் ஒரு மூடி இருப்பதைக் கவனித்தார்கள். பாரிஸுக்கு அருகே மோன்மொரான்சியில் மருந்தாளுநராக இருந்த எமில் பூதியே அந்தக் கவனிப்பை ஒரு முழு அமைப்பாக வளர்த்தார். 1885இல் அவர் முன்வைத்த பிரிவு எளிமையானது. சில பூஞ்சைகளில் பையின் நுனி சிமிழ் மூடிபோலத் திறந்து வித்துகளை வீசுகிறது. மற்றவற்றில் மூடி இல்லை, நுனியில் உள்ள துளை வழியே வித்துகள் பீறிடுகின்றன. அவருடைய நீர்வண்ணப் படங்கள் இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் ஆவணங்கள். உயிருள்ள மாதிரியை எதிரே வைத்து வரைந்ததால்தான் அவற்றுக்கு அந்த ஆயுள் என்பது என் எண்ணம்.

பூதியேயின் பிரிவு பாதி நிலைத்தது, பாதி உடைந்தது. மூடியுள்ளவை உண்மையிலேயே ஒரே வம்சம் என்பதை டிஎன்ஏ உறுதிசெய்திருக்கிறது. அவை இன்று பெசைசோமைசீட்ஸ் என்ற வகுப்பு. மூடியில்லாதவை ஒரு குடும்பமல்ல. அவற்றில் பெரும்பகுதி லியோஷியோமைசீட்ஸ் வகுப்பிலும், ஆர்பீலியா கூட்டம் தனி வகுப்பிலும், இன்னும் சில கற்பாசிகளின் வம்சத்திலும் சேர்ந்திருக்கின்றன. சிறு கிண்ணங்களில் மிகப் பல இந்த மூடியற்ற பக்கத்தைச் சேர்ந்தவை. எனவே ஸ்லைடில் முதலில் தேட வேண்டியது மூடி. வித்துகளை வீசி முடித்த காலிப் பைகளில் அது தெளிவாகத் தெரியும்.

தென்னிந்திய ஈரக்காடுகளில் விழுந்த மரங்களின் மேல் காணப்படும் குக்கீனா இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில், விளிம்பில் மயிரோடு, சிறு கிண்ணங்களைவிடப் பெரிதாக இருக்கும். அதன் பை நுனியில் மூடி உண்டு, ஆனால் சாய்வாக ஒரு ஓரத்தில். 1946இல் மார்செல் லெ கால் அம்மையார் இதனை இரண்டு பிரிவுக்கும் இடைப்பட்ட நிலையாகக் கருதித் தனிப்பெயர் கொடுத்தார். பின்னர் எலக்ட்ரான் நுண்ணோக்கி அதுவும் மூடியின் ஒரு மாற்றுருவம்தான் என்று காட்டியது.

மூடி இல்லையென்றால் அடுத்த கேள்வி அயோடினுக்கு. மூடியற்ற பைகள் பலவற்றின் நுனியில் தடித்த சுவருக்குள் ஒரு வளையம் இருக்கிறது. வித்துகள் அதன் வழியேதான் வெளியேறுகின்றன. அயோடின் பட்டதும் அந்த வளையம் நீலமாகலாம், சிவப்பாகலாம், நிறமே மாறாமலும் போகலாம். வளையத்தின் வடிவமே பேரினக் குறிப்பு. ஹைமினோஸ்கைஃபஸ் வகை, கேலிசினா வகை, ஸ்கிலிரோடினியா வகை என்று அவற்றைப் பிரித்திருக்கிறார்கள். ஆஷ் இலைக்காம்பின் பூஞ்சை ஹைமினோஸ்கைஃபஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல உதவியவற்றுள் இந்த வளையமும் ஒன்று. மூடியுள்ள பக்கத்திலும் அயோடினுக்கு வேலை உண்டு. பெசைசாவின் பை நுனி முழுதும் நீலமாகும். செந்நிறக் கிண்ணமான ஸ்கூட்டெலினியாவில் எதுவும் நடக்காது.

இந்த எளிய சோதனைதான் நீண்டகாலக் குழப்பத்துக்கும் காரணமானது. அயோடினை இரண்டு விதமாகக் கலக்கிறார்கள். பொட்டாசியம் அயோடைடோடு நீரில் கரைத்தது லூகால் கரைசல். 1829 முதல் மருத்துவத்திலும் பழக்கத்தில் உள்ளது. செக் நாட்டு ஆசிரியர் மெல்சர் 1924இல், ருசுலா காளான்களின் வித்து மேற்பரப்பைப் பார்ப்பதற்காக, இதோடு குளோரல் ஹைட்ரேட்டைச் சேர்த்தார். அது பொருளைத் தெளிவாக்கியது, காளான்காரர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. கிண்ணப் பூஞ்சைக்காரர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் நூல்கள் பலவற்றில் அயோடின் சோதனை என்றாலே மெல்சர்தான்.

1987இல் பாரல் வெளியிட்ட கட்டுரை இந்தப் பழக்கத்தின் விலையைக் காட்டியது. சில பூஞ்சைகளின் வளையம் லூகாலில் சிவப்பாகிறது. அதே பூஞ்சை மெல்சரில் நிறமே காட்டுவதில்லை. குளோரல் ஹைட்ரேட் அந்த வினையை மறைத்துவிடுகிறது. முதலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துவிட்டுப் பிறகு அயோடின் இட்டால் அதே வளையம் நீலமாகிறது. ஒரே பூஞ்சை, ஒரே வளையம், தயாரித்த முறைக்கேற்ப மூன்று விடைகள். ஒரு நூல் 'அயோடினுக்கு எதிர்வினை இல்லை' என்றும் இன்னொன்று 'நீலம்' என்றும் எழுதியிருந்தால் இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். பழைய விவரணைகளைப் படிக்கும்போது எந்தக் கரைசல், முன்பே காரம் இட்டார்களா என்று பார்க்காமல் நீலம், நீலமில்லை என்ற சொற்களை மட்டும் ஒப்பிடுவது பயனற்றது. லூகால் முதலில், தேவையானால் காரத்துக்குப் பின் இன்னொரு முறை. மெல்சரைக் கிண்ணப் பூஞ்சைக்கு முதல் கருவியாக வைத்திருப்பதை விட்டுவிடலாம் என்பதே என் தீர்ப்பு.

அயோடின் சோதனைக்கும் எல்லை உண்டு. நெருங்கிய உறவினங்களில் ஒன்றில் வளையம் நீலமாகவும் இன்னொன்றில் நிறமற்றும் இருப்பது அரிதல்ல. பரிணாமத்தில் அந்தப் பண்பு பல முறை தனித்தனியே தொலைந்திருக்கிறது. ஆகவே அதை மட்டும் வைத்துப் பேரினம் பிரிப்பது சரியாகாது. கொக்கியும் அப்படியே. பல பேரினங்களில் கொக்கி உள்ள இனமும் இல்லாத இனமும் அடுத்தடுத்து இருக்கின்றன. அதனால்தான் இனம் பிரிக்க அது இத்தனை பயன்படுகிறது, பேரினம் பிரிக்கப் பயன்படுவதில்லை.

1992இல் அதே பாரல் எழுதிய நீண்ட கட்டுரை இன்னும் அடிப்படையான ஒன்றைக் கேட்டது: நாம் பார்ப்பது உயிருள்ள செல்லையா, செத்த செல்லையா? உலர்த்தி உறையில் வைத்த மாதிரியை எடுத்து, காரத்தில் ஊறவைத்து, நசுக்கிப் பார்ப்பதே உலர் மாதிரிகளைச் சேமிக்கும் ஹெர்பேரியங்களின் வழக்கம். காரம் பட்ட நொடியில் செல் சாகிறது. உள்ளழுத்தம் போய்ப் பை சுருங்குகிறது. உயிரோடிருக்கும்போது முதிர்ந்த பை விரிந்து, பாராஃபைசிஸ் இழைகளைத் தாண்டித் தலைநீட்டி நிற்கும். செத்தபின் அவற்றுக்குக் கீழே இறங்கிவிடும். 'பாராஃபைசிஸ் பைகளைவிட நீளம்' என்று பழைய நூல் சொல்வது சில வேளைகளில் பூஞ்சையைப் பற்றிய செய்தியல்ல, பிணத்தைப் பற்றிய செய்தி.

அளவு மட்டும் மாறினால் கணக்கிட்டுத் திருத்திவிடலாம். மறைந்தே போகும் பண்புகளுக்கு என்ன செய்வது? பாராஃபைசிஸ் நுனியில் ஒளியை வலுவாக முறிக்கும் திரவம் நிறைந்த நுண்குமிழ்கள் பல இனங்களில் உள்ளன. கிரெசில் நீலச் சாயம் இட்டால் உயிருள்ள செல்லில் அவை அழகாக நிறமேறும். செத்த செல்லில் அவை இருந்த சுவடே இருக்காது. மேலே சொன்ன சாம்பல் நிறத் தட்டுகள் பெரும்பாலும் மொலீசியா. அதன் இனங்களைப் பிரிப்பது மிகக் கடினம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். அங்கே முதல் கேள்வியே, நீரில் பார்க்கும்போது பாராஃபைசிஸில் இந்தப் பளிச்சிடும் உள்ளடக்கம் இருக்கிறதா, கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு துளி காரம் விட்டால் அது மஞ்சளாகக் கரைந்து வெளியேறுகிறதா என்பதுதான். உலர்ந்த பழைய மாதிரியில் இதற்கு விடை கிடைக்காது.

ஆர்பீலியா இதைவிடத் தெளிவான சான்று. மட்கும் கிளைகளில் ஒளி ஊடுருவும் மெழுகுத் துளிகளாக, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிதாக இருக்கும் கிண்ணங்கள் இவை. வித்துகள் மிகச் சிறியவை. சுவரில் அலங்காரம் இல்லை. உயிருள்ள வித்தின் ஒரு முனையில் ஒட்டியிருக்கும் சிறு உருளையோ நீர்த்துளி வடிவமோ கொண்ட உள்ளுறுப்புதான் இனத்துக்கு இனம் மாறுகிறது. காரம் பட்டால் அது கரைந்துபோகும். ஹெர்பேரியத்தில் மட்டும் ஆர்பீலியாவைப் படித்தவர்களுக்கு இனங்கள் சில என்று தோன்றியதில் வியப்பில்லை. பாரல், வேபர், மார்சோன் மூவரும் உயிருள்ள மாதிரிகளை வைத்து உழைத்து 2020இல் இரண்டு பெருந்தொகுதிகளாக அந்தக் குழுவை விவரித்தார்கள். மண்ணில் நூற்புழுக்களை வலைவீசிப் பிடித்து உண்ணும் ஆர்த்ரோபோட்ரிஸ் பூஞ்சைகளின் பாலினப் பருவம் ஆர்பீலியாதான் என்பதையும் சேர்த்து நினைத்தால், இந்த மெழுகுத் துளிகளின் மேல் தானாகவே மரியாதை வருகிறது.

வித்துகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அளவெடுக்க வேண்டியது பைக்குள் இருப்பவற்றை அல்ல, தானாக வெளியே வீசப்பட்டவற்றை. கிண்ணத்தை ஸ்லைடுக்கு மேல் ஈரமாகச் சில மணி நேரம் வைத்தால் முதிர்ந்த வித்துகள் கண்ணாடியில் விழும். நீளம், அகலம் இவற்றோடு எண்ணெய்த் துளிகளின் எண்ணிக்கையையும் பருமனையும் எழுத வேண்டும். வித்து சாகும்போது அத்துளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். குறுக்குச் சுவர்கள் உள்ளனவா, அவை வெளிவந்த பிறகு முளைக்கும்போது தோன்றியவையா என்பதும் முக்கியம். அழுகும் மரத்தில் ஊதா நிறக் கூழாக வளரும் அஸ்கோகொரைன் பேரினத்தில் சார்காய்டிஸ், சிலிக்னியம் இரண்டையும் வெளித்தோற்றத்தில் பிரிக்க முடியாது. சிலிக்னியத்தின் வித்துகள் நீளமானவை, பல குறுக்குச் சுவர்கள் கொண்டவை, முதிர்ந்தபின் அவற்றின் மேலேயே குட்டி வித்துகள் அரும்பும். மரத்தையே நீலப்பச்சையாக மாற்றும் குளோரோசிபோரியாவிலும் ஐரோப்பாவின் இரண்டு இனங்களை வித்தின் நீளமே உறுதியாகப் பிரிக்கிறது. அந்த நிறமேறிய கட்டையை இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத் தச்சர்கள் மரப்பதிப்பு வேலைக்குப் பயன்படுத்தினார்கள்.

மயிர் உள்ள கிண்ணங்கள் கற்பவருக்கு எளிதானவை. லாக்னம் பேரினத்தின் வெள்ளை மயிர்கள் மெல்லிய சுவருடன் குறுக்குச் சுவர்கள் கொண்டு, மேலெங்கும் நுண்மணிகள் பூசியவை; அதன் பாராஃபைசிஸ் ஈட்டி வடிவில் பைகளைத் தாண்டி நீளும். இந்த இரண்டும் சேர்ந்தால் பேரினம் ஏறக்குறைய உறுதி. ஸ்கூட்டெலினியாவின் மயிர் பழுப்பானது, தடித்த சுவர் கொண்டது, கூர்நுனியும் கிளைத்த வேரும் உடையது. அதில் இனம் பிரிக்க வித்தின் மேற்பரப்பு அலங்காரத்தைக் காட்டன் நீலத்தில் சூடாக்கிப் பார்க்க வேண்டும். இங்கே மட்டும் செத்த வித்தே நன்றாகப் பேசும்.

கிண்ணத் தோலின் செல் அமைப்பை வட்டம், பலகோணம், நீள்கட்டம், பின்னிய இழை என வகைப்படுத்தும் முறையை ஸ்வீடனின் ஸ்டார்பெக் 1895இல் தொடங்கினார். 1932இல் ஆய்வாளர் நான்ஃபெல்ட் அதைக் கொண்டு மூடியற்ற கிண்ணங்களின் குடும்பங்களையே மறுசீரமைத்தார். மெல்லிய நெடுவெட்டு எடுக்கக் கை பழக வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை.

இன்று டிஎன்ஏ வரிசை பார்ப்பது மலிவாகிவிட்டது. 2012இல் ஐடிஎஸ் என்ற பகுதி பூஞ்சைகளுக்கான பொது அடையாளக் குறியாக ஏற்கப்பட்டது. அப்படியிருக்க நுண்ணோக்கி எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. தரவுத்தளத்தில் ஒரு வரிசைக்கு மேல் எழுதியிருக்கும் பெயர், அந்த மாதிரியை யாரோ நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்ன பெயர்தான். அவர் தவறாகச் சொல்லியிருந்தால் வரிசை அந்தத் தவறையே திருப்பிச் சொல்லும். ஆஷ் மரத்தில் டிஎன்ஏ 'இவை இரண்டு' என்றது. நுண்ணோக்கியில் எது எது என்று காட்டுவதற்குக் கொக்கி உதவியது. இரண்டும் ஒன்றையொன்று திருத்தினால்தான் அறிவு முன்னேறும்.

நம் பக்கத்து நிலை என்ன? பூஞ்சை ஆய்வாளர்களான பெர்க்லியும் புரூமும் 1870களில் எழுதிய இலங்கைப் பூஞ்சைகள், பேராதனைத் தோட்டத்தின் த்வெய்ட்ஸ் உலர்த்திக் கப்பலில் அனுப்பிய மாதிரிகளை இங்கிலாந்தில் பார்த்து விவரித்தவை. பின்னர் பெட்ச் என்ற ஆய்வாளர் பேராதனையிலேயே தங்கி, புதிய மாதிரிகளைப் பார்த்து, அவற்றில் பலவற்றைத் திருத்தினார்; பிஸ்பியோடு சேர்ந்து அவர் தொகுத்த இலங்கைப் பூஞ்சைப் பட்டியல் 1950இல் வெளியானது. வடக்கே 1950களில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் திண்டும் மாணவர் பத்ராவும் முசௌரி மலைகளின் மூடியுள்ள கிண்ணங்களை முறையாக விவரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மூடியற்ற சிறு கிண்ணங்களை, உயிருள்ள செல்லின் பண்புகளோடு அவ்வாறு வரிசையாக எழுதும் வேலை நமக்காகக் காத்திருக்கிறது.

தாவரவியல் துறைகளின் மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் இதைத்தான் கேட்கிறேன். எண்ணெய்த் துளியோடு பார்க்கும் நூறு மடங்கு லென்ஸ் உங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. லூகாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் அலமாரியில் இருக்கின்றன. மாட்டுச் சாணத்தை ஈரப் பெட்டியில் சில நாள் மூடிவைத்தாலே அஸ்கோபோலஸும், எட்டு வித்துகளும் ஒரே பொட்டலமாக ஒட்டிய சக்கோபோலஸும் முளைக்கக்கூடும். குருவான் சகோதரர்கள் பார்த்த மூடியை அதில் நீங்களே பார்க்கலாம். அங்கிருந்து காட்டுக்குப் போங்கள். எந்த மரத்தின் எந்தப் பகுதியில் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். முதல் ஸ்லைடை வெறும் குழாய்த் தண்ணீரில் தயாரியுங்கள். பைகள், பாராஃபைசிஸ், வெளியே வீசப்பட்ட வித்துகள் மூன்றையும் உயிரோடு அளந்து படமெடுங்கள். அதன்பின் அயோடின், அதன்பின் காரம். உலர்த்தி உறையில் இடுவது கடைசி வேலை. அந்தப் படங்களின் நகலும் அளவுகளும் அதே உறைக்குள் இருக்கட்டும்.